எம்15 சுற்றில் ஒரு வருஷம்: எட்டு லட்சத்தை எங்கே போடுவது?

பெரம்பூர்_அக்கா

வணக்கம். தம்பி டென்னிஸ் ஆடறான், வயசு 19. பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் ஆகுது, தொலைநிலைக் கல்வியில் பி.காம் போயிட்டிருக்கு. ஏடிபி (ஆண்கள் டென்னிஸின் உலகத் தரவரிசை) ஒற்றையரில் 2 புள்ளி இருக்கு. ரெண்டுமே இந்தியாவில் நடந்த எம்15 போட்டிகளில் (தொழில்முறை டென்னிஸின் கீழ்ப்படி), முதல் சுற்று ஜெயிச்சு வந்த புள்ளிகள். பேஸ்லைன் ஆட்டக்காரன், பின்கோட்டிலேயே நின்னு ஆடறவன். ரிட்டர்ன் நல்லா இருக்கும், ரெண்டாவது சர்வீஸ் பலவீனம்.

அடுத்த பன்னிரண்டு மாசத்துக்கு வீட்டில் ஒதுக்க முடிஞ்சது 8 லட்சம். கோச் சம்பளம், மைதானக் கட்டணம், ஜிம் எல்லாம் தனி. அதை இதில் சேர்க்க வேண்டாம். பயணம், ரூம், சாப்பாடு, ஸ்ட்ரிங், ஷூ, நுழைவுக் கட்டணம் இதுக்குள்ள அடங்கணும்.

இங்கேயே ஆடுறதா, துனிசியா, எகிப்து மாதிரி வாராவாரம் போட்டி நடக்கிற இடத்துக்கு அனுப்புறதா? போட்ட பணத்தில் எவ்வளவு திரும்பி வரும்? இரட்டையர் ஆடினா ஒற்றையர் கெட்டுப் போகும்னு சிலர் சொல்றாங்க, நிஜமா? அமெரிக்கக் கல்லூரி வழி இன்னும் திறந்திருக்கா? வரி விஷயமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பேஸ்லைன்_நுங்கம்பாக்கம்

முதல்ல எம்15 பரிசுப் பணத்தை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏன்னா பல வீடுகளில் இதைப் பார்க்காமலேயே டிக்கெட் போட்டுடறாங்க. மொத்தம் 15,000 டாலர்னு பேர். ஒற்றையரில் சாம்பியனுக்கு 2,160 டாலர், இறுதியில் தோத்தா 1,272, அரையிறுதி 752, காலிறுதி 438, ரெண்டாம் சுற்று 258, முதல் சுற்றில் தோத்தா 156. இரட்டையரில் ஜோடிக்கு 930, 540, 320, 180, 90. அதை ரெண்டா வகுத்துக்கணும். தகுதிச் சுற்றில் தோத்தா கையில் ஒண்ணும் வராது. நுழைவுக் கட்டணம் 40 டாலர் வரைக்கும் வாங்குவாங்க.

டாலருக்கு 85 ரூபாய்னு வெச்சுக் கணக்கு போடலாம். இந்தியாவுக்குள் ஒரு வாரம்: மூணாம் வகுப்பு ஏசி ரயில், ரெண்டு பேர் பகிர்ற ரூம், ஏழு நாள் சாப்பாடு, அஞ்சாறு ஸ்ட்ரிங், ஆட்டோ, நுழைவுக் கட்டணம். சிக்கனமா இருந்தா 30,000 ரூபாயில் முடிக்கலாம். வெளிநாடுன்னா மூணு வாரமாத்தான் போகணும். விமானம், விசா, ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2.25 லட்சம், வாரத்துக்கு 75,000.

இப்போ இதை மைதானக் கணக்கா மாத்துங்க. உள்நாட்டு வாரத்தின் 30,000 திரும்பி வர, ஒற்றையரில் ஒரு மேட்ச் ஜெயிச்சு (258), இரட்டையரிலும் ஒரு மேட்ச் ஜெயிச்சா (90) போதும்: 348 டாலர், 29,580 ரூபாய். வெளிநாட்டு வாரத்தின் 75,000 திரும்பி வரணும்னா ஒற்றையரில் அரையிறுதி (752), இரட்டையரிலும் அரையிறுதி (160): 912 டாலர். ரெண்டு புள்ளி வெச்சிருக்கிற பையன் வாராவாரம் ரெண்டு அரையிறுதி ஆடப் போறதில்லை. அவன் முதல்ல மெயின் டிராவுக்குள்ளேயே (பிரதான சுற்று) தகுதிச் சுற்று வழியாத்தான் வரணும். இந்த எட்டு லட்சத்தின் பெரும்பங்கு இந்தியாவுக்குள்ளேயே செலவாகணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

பெரிய படமும் தெரிஞ்சுக்கங்க. 2013-ல் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினவங்களை எடுத்து ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஒரு ஆய்வு நடத்துச்சு. மொத்தம் 13,736 பேர். அதில் செலவும் வரவும் சரிக்குச் சரி ஆனவங்க ஆண்களில் 336 பேர், பெண்களில் 253 பேர். கோச் செலவைச் சேர்க்காமலேயே இந்தக் கணக்கு! ஆண்களுக்கு வருஷச் சராசரிச் செலவு 38,800 டாலர்னு அதில் வந்தது. அதுக்கப்புறம் பரிசுப் பணம் கொஞ்சம் ஏறியிருக்கு, விமான டிக்கெட்டும் ஏறியிருக்கு.

பணம் உண்மையா தொடங்குற இடம் தரவரிசை 250. ஏடிபி 2024-ல் கொண்டு வந்த பேஸ்லைன் திட்டத்தில் முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருட வருமானம் உறுதி. அந்த வருஷம் 176-லிருந்து 250 வரைக்கும் 75,000 டாலர். கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் கதவு திறக்கும். 2025 அமெரிக்க ஓப்பன் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோத்தவருக்கே 27,500 டாலர். பன்னிரண்டு எம்15 பட்டத்தை விட அது அதிகம்.

எம்15 பட்டத்துக்கு 15 ஏடிபி புள்ளி. 250-க்குள் நுழைய இருநூறு புள்ளிக்கு மேல் வேணும், அதுவும் 52 வாரத்துக்குள், பழைய புள்ளி கழியக் கழிய. அதனால எம்15-லேயே உட்கார்ந்து மேலே போறது நடக்காத காரியம். இங்கே மெயின் டிராவில் நேரடி இடம் கிடைக்கிற அளவுக்குப் புள்ளி சேர்த்துட்டு அடுத்த படியான எம்25, அப்புறம் அதுக்கும் மேலே சேலஞ்சர்னு நகரணும்.

---

நரம்பு_மெஷின்

அக்கா, ஸ்ட்ரிங் கணக்கை யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, அதனால அதை மட்டும் எழுதறேன்.

பாலியஸ்டர் அடிக்கிற பையன், வாரத்தில் ஒற்றையர், இரட்டையர், பயிற்சி எல்லாம் சேர்த்தா ஆறு ராக்கெட்டுக்காவது ஸ்ட்ரிங் போடணும். செட் செட்டா வாங்கினா பணம் கரைஞ்சிடும். 200 மீட்டர் ரீல் வாங்குங்க. 98 அல்லது 100 சதுர அங்குல ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வெச்சா ஒரு ரீலில் 16 ராக்கெட் வரும். ஸ்டார்ட்டிங் கிளாம்ப் இருந்தா ஒவ்வொண்ணிலும் முக்கால் மீட்டர் மிச்சம், 17 கூட வரும்.

போட்டி இடத்து ஸ்ட்ரிங்கருக்கு ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் கூலி கொடுக்கணும், வெளிநாட்டில் அது டாலரிலோ யூரோவிலோ போகும். டிராப் வெயிட் மெஷின் (எடையைத் தொங்கவிட்டு ஸ்ட்ரிங்கை இழுக்கிறது) ஒண்ணு வாங்கி அவனே கத்துக்கட்டும். சுமார் பத்து கிலோ வரும், செக் இன் பையில் போயிடும். ரெண்டு மூணு பசங்க சேர்ந்து வாங்கினா இன்னும் நல்லது, எப்படியும் ஒரே ரூம்லதான் தங்கப் போறாங்க.

புதுசா கத்துக்கிறவங்க தப்பு பண்ற இடங்கள்: ராக்கெட்டின் நீளவாட்டு ஸ்ட்ரிங் கழுத்துப் பக்கம் முடிஞ்சா, ஒரே துண்டா போட்டு குறுக்குவாட்டைக் கீழிருந்து மேலே ஏத்தக் கூடாது. ஃப்ரேம் நெளியும், சில பிராண்டில் உத்தரவாதமும் போகும். ரெண்டு துண்டா வெட்டி, நாலு முடிச்சு போட்டு, குறுக்கைத் தலையிலிருந்து கழுத்துக்கு இறக்கணும். குறுக்கு ஸ்ட்ரிங்கை வேகமா உருவினா நீளவாட்டு ஸ்ட்ரிங்கில் உரசித் தழும்பு விழும், மேட்ச்ல அங்கேதான் அறும். விசிறி மாதிரி ஆட்டி ஆட்டி மெதுவா உருவணும். முடிச்சு போடுற கடைசி ஸ்ட்ரிங்குக்கு 2, 3 பவுண்ட் கூட்டி இழுங்க, முடிச்சு உட்காரும்போது அந்த அளவு விட்டுக் கொடுக்கும். பறக்கும் கிளாம்ப் நழுவுதான்னு ஒவ்வொரு இழுப்புக்கும் பார்க்கணும்; நழுவினா மொத்த ராக்கெட்டும் தளர்ந்து வரும், பையன் பந்து அவுட் போகுதுன்னு கையைக் குறை சொல்லுவான்.

இன்னொண்ணு. கடையில் கைப்பிடி சுத்தி இழுக்கிற கிராங்க் மெஷினில் 50 பவுண்ட் போட்டுப் பழகினவன் டிராப் வெயிட்டில் அதே 50 போட்டா இறுக்கமா இருக்கும், ஏன்னா எடை விடாமல் இழுத்துக்கிட்டே இருக்கும். 47, 48-ல் தொடங்குங்க. நம்ம ஊர் மே மாச வெயிலில் பந்து பறக்கும், ரெண்டு பவுண்ட் கூட்டலாம். டெல்லி ஜனவரிக் காலையில் பந்து செத்துக் கிடக்கும், ரெண்டு குறைக்கணும். பாலி போட்ட ராக்கெட் முதல் நாளே இறுக்கத்தில் நல்ல பங்கை இழந்துடும். மூணு நாள் முன்னாடி போட்டு வெச்சதைப் புதுசுன்னு நினைச்சு எடுத்துட்டு இறங்க வேண்டாம். முந்தின நாள் ராத்திரி போடுங்க.

சென்னை வியர்வைக்கு ஒட்டுற கிரிப் சரிப்படாது. டூர்னா மாதிரி உலர்ந்த, துணி போன்ற கிரிப் ஈரத்தில்தான் பிடிக்கும். மொத்தமா ரோலா வாங்கினா விலை பாதியாகும்.

மெஷின் இருக்குன்னு போட்டி வளாகத்துக்குள்ள மத்தவங்களுக்குக் கூலிக்குப் போட வேண்டாம். அங்கே அதிகாரப்பூர்வ ஸ்ட்ரிங்கர் உட்கார்ந்திருப்பார், அவர் பிழைப்பும் அதுதான்.

---

எழும்பூர்_கோச்

பேஸ்லைன் சார் போட்ட ரூபாய்க் கணக்கு சரி. ஆனா பாதிதான். இந்தியாவில் எம்15, எம்25 போட்டிகள் வருஷம் பூரா சீரா பரவி இருக்காது, கொத்தாத்தான் வரும். நடுவில் மாசக்கணக்கில் ஒண்ணும் இருக்காது. அப்போ பையன் பயிற்சி மட்டும் பண்ணிக்கிட்டு இருந்தா மேட்ச் கூர்மை போயிடும். துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் இந்த இடங்களுக்கு உலகமே போறதுக்குக் காரணம் இருக்கு: ஒரே ஹோட்டல், ஒரே மைதானம், வாராவாரம் போட்டி. சீக்கிரம் தோத்தாலும் அடுத்த வாரத் தகுதிச் சுற்றுக்கு அங்கேயே நிக்கலாம். விமானச் செலவு ஒரு தடவைதான்.

அங்கே போனா எது கெடும்னும் சொல்லணும். தனியா போற பையன் முதல் வாரம் சீக்கிரம் தோத்தா அஞ்சு நாள் ரிசார்ட்டில் சும்மா இருப்பான். பயிற்சிக்கு மைதானம் கிடைக்காது, போட்டியில் மிச்சம் இருக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை. மூணாவது வாரம் வீட்டு நினைப்பு, வயித்துக் கோளாறு. அதனால மூணு பேராவது சேர்ந்து போகணும், கூட ஒரு கோச் போனா செலவை மூணா பிரிச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு போட்டிக்கும் ஐடிஎஃப் பக்கத்தில் இருக்கிற ஃபேக்ட் ஷீட்டைப் படிங்க. தரை என்ன, பந்து எந்த பிராண்ட், ஹோட்டல் விலை, விமான நிலையத்திலிருந்து வண்டி, ஸ்ட்ரிங் கூலி எல்லாம் அதில் இருக்கும். பேருக்குப் பின்னால் எச் எழுத்து சேர்ந்த போட்டிகளில், எம்25 பிளஸ் எச் மாதிரி, மெயின் டிரா ஆட்டக்காரருக்குத் தங்குமிடம் போட்டி நடத்துறவங்க பொறுப்பு. அதைத் தேடிப் பிடிங்க.

துனிசியாவுக்கு முன்னாடி தாய்லாந்து, இந்தோனேசியா பாருங்க. சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர் நேரடி விமானம், தட்பவெப்பம் நம்ம ஊர் மாதிரிதான், சாப்பாடும் ஒத்துக்கும். மூணு வாரத்தை ஒன்றரை லட்சத்துக்குள் முடிக்கலாம்.

என் பிரிப்பு இது: இந்தியாவில் பத்து வாரம், ஐடிஎஃப் போட்டியும் ஏஐடிஏ (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) பரிசுப் பணப் போட்டியும் கலந்து, 3 லட்சம். தென்கிழக்கு ஆசியாவில் மூணு வாரம், 1.5 லட்சம். மொனாஸ்டிர் அல்லது ஷார்மில் மூணு வாரம், 2.25 லட்சம், அதுவும் ஆறாவது மாசத்துக்கு அப்புறம், இங்கே தகுதிச் சுற்றைத் தாண்டுறது வழக்கமா ஆனப்புறம் மட்டும். மீதி 1.25 லட்சத்தில் ஷூ, ரீல், பிசியோ, ஒரு அவசர டிக்கெட். ஷூவை மறக்காதீங்க, ஹார்டு கோர்ட்டில் பக்கவாட்டில் சறுக்கி ஆடுற பையனுக்கு ஆறு வாரத்தில் அடிப்பகுதி வழவழன்னு ஆகிடும். அடிப்பாகத்துக்கு ஆறு மாச உத்தரவாதம் தர்ற மாடலா பார்த்து வாங்குங்க.

தகுதிச் சுற்று பத்தி ஒரு வார்த்தை. அங்கே மூணாவது செட் கிடையாது, பத்துப் புள்ளி மேட்ச் டைபிரேக். மெதுவா சூடாகிற பேஸ்லைன் ஆட்டக்காரனுக்கு இது எமன். ரெண்டாவது சர்வீஸ் பலவீனம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பத்துப் புள்ளியில் ரெண்டு டபுள் ஃபால்ட் போட்டா கதை முடிஞ்சுது. வாரத்தில் மூணு நாள் பயிற்சியின் கடைசியில், களைச்சுப் போனப்புறம், நாலு மேட்ச் டைபிரேக் ஆட விடுங்க. முதல் சர்வீஸ் வேண்டாம், ரெண்டாவது சர்வீஸ் மட்டும். 32 பேர் டிராவில் ரெண்டு மேட்ச், 64 பேர் டிராவில் மூணு மேட்ச் ஜெயிச்சாத்தான் மெயின் டிரா. அதுவரை காசும் இல்லை, புள்ளியும் இல்லை.

---

பேஸ்லைன்_நுங்கம்பாக்கம்

கோச் சார் சொன்ன ஆறாவது மாச நிபந்தனையோட ஒத்துக்கறேன். அந்த நிபந்தனையை எண்ணா எழுதி வெச்சுக்கங்க, இல்லைன்னா ஆசையில் டிக்கெட் போட்டுடுவோம். கடைசி ஆறு ஐடிஎஃப் வாரத்தில் நாலு தடவை மெயின் டிராவில் ஆடியிருந்தா போகலாம். இல்லைன்னா அந்த 2.25 லட்சம் இன்னும் ஏழு உள்நாட்டு வாரம்.

வைல்ட் கார்டையும் (போட்டி நடத்துறவங்க நேரடியா கொடுக்கிற இடம்) விட்டுட வேண்டாம். சென்னையில், கோவையில் போட்டி வந்தா சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. தேசியத் தரவரிசை நல்லா இருந்தா கேக்க முகம் இருக்கும். அதுக்காகவாவது ஏஐடிஏ போட்டிகளை ஒதுக்கக் கூடாது.

சுமித் நாகலைப் பார்த்து நம்பிக்கை வைக்கிறவங்க அந்தக் கதையை முழுசா பார்க்கணும். 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரரா இருந்தப்போ, வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்குன்னு அவரே வெளிப்படையா சொன்னார். பரிசுப் பணம், வேலைச் சம்பளம், ஆதரவு நிதி எல்லாம் போட்டிச் செலவுக்கே போயிட்டிருந்துச்சு. அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்று தாண்டி, முதல் சுற்றில் புப்ளிக்கை ஜெயிச்சார். அந்த ஒரு வாரம் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பிப்ரவரியில் நம்ம நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை சேலஞ்சர் பட்டம், அதோட முதல் நூறுக்குள் நுழைஞ்சார். 900 யூரோவுக்கும் முதல் நூறுக்கும் நடுவில் அஞ்சு மாசம். ஆனா அந்த 900 யூரோ வரைக்கும் தாக்குப்பிடிச்ச வருஷங்களை யார் கட்டினாங்க என்பதுதான் நம்ம கேள்வி.

---

இரட்டையர்_பக்கம்

இரட்டையர் ஆடினா ஒற்றையர் கெடும்னு சொல்றவங்க கணக்கு பார்க்காதவங்க. எம்15-ல் இரட்டையர் டிரா 16 ஜோடி. நோ ஆட் முறை (40-40 வந்தா அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும்), மூணாவது செட்டுக்குப் பதில் மேட்ச் டைபிரேக். ஒரு மேட்ச் பெரும்பாலும் ஒண்ணேகால் மணி நேரத்தில் முடிஞ்சிடும். ரூம் வாடகை, ரயில் டிக்கெட் எல்லாம் ஏற்கனவே கொடுத்தாச்சு. ஒற்றையர் தகுதிச் சுற்றில் ஞாயிற்றுக்கிழமையே தோத்த பையன் அந்த வாரத்தை வீணாக்காம இருக்க இரட்டையர் ஒண்ணுதான் வழி. உங்க தம்பிக்கு ரிட்டர்ன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நோ ஆட்ல 40-40 வந்தா ரிட்டர்ன் பண்ற ஜோடிதான் எந்தப் பக்கம் வாங்கறதுன்னு முடிவு பண்ணும். நல்ல ரிட்டர்னுக்கு அங்கே நேரடியா விலை இருக்கு. ரெண்டாவது சர்வீஸ் அழுத்தமும் பழகும், ஏன்னா வலைகிட்ட ஒருத்தன் பாய்ஞ்சு அடிக்கக் காத்துக்கிட்டிருப்பான்.

ஜோடி தேடுறதில்தான் பலர் சறுக்கறாங்க. ஜோடியின் மொத்தத் தரவரிசையை வெச்சுத்தான் இடம் கொடுப்பாங்க, அதனால போட்டிக்கு வந்து நின்னு யாராவது கிடைப்பாங்களான்னு பார்த்தா வெளியே நிக்கணும். மூணு வாரத்துக்கு ஒரே ஜோடின்னு முன்னாடியே பேசி வையுங்க. இடது கை ஆட்டக்காரன் கிடைச்சா விடாதீங்க. ஒற்றையரில் தன்னை விட 300 இடம் மேலே இருக்கிறவனை ஜோடியா பிடிச்சா டிராவுக்குள்ள போயிடலாம். ஆனா அவன் ஒற்றையரில் கால் இறுதி போனா இரட்டையரில் விலகிடுவானான்னு முன்கூட்டியே கேட்டுடுங்க.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களில் ஜீவன் நெடுஞ்செழியன், ஸ்ரீராம் பாலாஜி ரெண்டு பேரும் இரட்டையரில்தான் நிலைச்சாங்க. அது கடைசிப் புகலிடம் இல்லை, அது ஒரு தனித் தொழில்.

கோடையில் ஜெர்மன் கிளப் லீக் இருக்கு. மேட்ச் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு பணம், வார இறுதியில் ஆட்டம், வாரநாளில் பக்கத்து ஊர் ஐடிஎஃப் போட்டி. ரெண்டு புள்ளிக்குப் பெரிய லீக் கிடைக்காது, கீழ் நிலை லீக் கிளப்கள் உண்டு. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: எத்தனை மேட்ச் உறுதி, மழையில் ரத்தானா பணம் உண்டா, விமான டிக்கெட் யார், தங்கல் யார், காயம் வந்தா என்ன. அங்கே களிமண் தரை. அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது களிமண்ணில் ஆடிப் பழகணும்.

---

கணக்கர்_மயிலை

வரி பற்றி மட்டும் எழுதுகிறேன். வெளிநாட்டில் பெறும் பரிசுப் பணத்தில் பெரும்பாலும் அங்கேயே வரி பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டவருக்குப் பொதுவாக 30 சதவீதம். ஆகவே பரிசுத் தொகைப் பட்டியலைப் பார்த்து வரவு எழுதாதீர்கள், கைக்கு வந்ததை எழுதுங்கள். ஒவ்வொரு போட்டியிலும் பரிசுத் தொகை, பிடித்த வரி இரண்டும் குறித்த தாளைக் கையெழுத்தோடு வாங்கி அன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் வசிப்பவருக்கு வெளிநாட்டு வருமானமும் இங்கே கணக்கில் வரும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்க அந்தத் தாள் தேவை. மூன்று மாதம் கழித்துப் போட்டி நடத்தியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வருவது அபூர்வம்.

வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்று சொல்லி கணக்குத் தாக்கல் செய்யாமல் விடாதீர்கள். இதைத் தொழில் வருமானமாகக் காட்டி, பயணம், ரூம், ஸ்ட்ரிங், நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் செலவாக எழுதினால் முதல் வருடங்களில் நஷ்டம்தான் வரும். கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால் அந்தத் தொழில் நஷ்டத்தை 8 வருடம் வரை முன்னே கொண்டுபோகலாம். தேதி தவறினால் அந்த உரிமை போய்விடும். இதற்காகவே பில்கள் தம்பியின் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் கார்டில், அப்பாவின் பெயரில் ஹோட்டல் பதிவு செய்தால் யாருடைய செலவு என்ற கேள்வி வரும்.

ஆதரவாளர் யாராவது வந்தால் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். எதிர்காலப் பரிசுப் பணத்தில் பங்கு கேட்டால், அது மொத்தத் தொகையிலா, செலவும் வரியும் போன மீதியிலா? மொத்தத்தில் 20 சதவீதம் என்றால், நஷ்டத்தில் இருக்கும் வருடத்திலும் கொடுக்க வேண்டி வரும். இரண்டாவது, கொடுத்த பணத்தின் எத்தனை மடங்கு வந்ததும் பங்கு நிற்கும்? உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். மூன்றாவது, காயத்தால் ஒரு வருடம் ஆடாவிட்டால் காலம் தானாக நீளுமா என்பது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் எலைட், மிம்ஸ் திட்டங்கள் இருக்கின்றன. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே தரவரிசை நகல், போட்டி முடிவுகள், அடுத்த வருட அட்டவணை, வாரவாரியான செலவு மதிப்பீடு இவற்றோடு போங்கள். மேலே கோச் அவர்கள் எழுதிய பிரிப்பையே சுத்தமாகத் தட்டச்சு செய்தால் பாதி விண்ணப்பம் தயார்.

---

பெரம்பூர்_அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்ட்ரிங் மெஷின் விஷயம் வீட்டில் உடனே முடிவாயிடுச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். கல்லூரி வழி பத்தி யாரும் சொல்லலை. அப்புறம், போன மாசம் முதல் சுற்றில் தோத்ததும் அவன் இன்ஸ்டாகிராமில் யார் யாரோ கண்டபடி திட்டி எழுதியிருந்தாங்க, பெத்தவங்களையும் சேர்த்து. இதெல்லாம் சகஜமா? அவன் ரெண்டு நாள் சரியா தூங்கலை.

---

எழும்பூர்_கோச்

சகஜம்தான், ஆனா சகிச்சுக்க வேண்டிய விஷயம் இல்லைம்மா. அவங்க ரசிகர்கள் இல்லை, பந்தயத்தில் பணம் விட்டவங்க. இந்த அளவுப் போட்டிகள் மேலயும் பணம் கட்டறாங்க. செய்தி வரும் வழியை அடைச்சிடுங்க: தெரியாத கணக்கிலிருந்து வரும் செய்தியை நிறுத்துங்க, கமெண்ட்டைப் பின்தொடர்கிறவங்களுக்கு மட்டும் வையுங்க, போட்டி வாரத்தில் அந்த ஆப் உங்க கையில் இருக்கட்டும். மிரட்டல் இருந்தா படம் எடுத்துப் போட்டி மேற்பார்வையாளர்கிட்ட கொடுங்க.

இதில் இன்னும் ஆபத்தான பக்கம் ஒண்ணு இருக்கு. திட்டறவன் திட்டிட்டுப் போயிடுவான். இனிமையா பேசறவன்கிட்டதான் ஜாக்கிரதை. "முதல் செட் மட்டும் விட்டுக்கொடு"ன்னு எம்15 பரிசுப் பணத்தைப் போல பல மடங்கு காட்டுவாங்க. 156 டாலருக்கு ஆடுற பையன்களைத்தான் தேடி வருவாங்க. பேச்சு வந்தாலே டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏ-வுக்கு உடனே தெரிவிக்கணும். மறுத்துட்டு சும்மா இருந்தாலும் சொல்லாதது குற்றம். கணுக்கால் வலி, இன்னைக்கு விலகலாம்னு இருக்கான் என்கிற தகவலை வெளியே சொல்றதும் விதிமீறல். அடையாள அட்டை வாங்கி உள்ளே வர்ற குடும்பத்தாருக்கும் இந்த விதி பொருந்தும். எந்த டென்னிஸ் மேட்ச் மேலயும் பத்து ரூபாய் கூட பந்தயம் கட்டக் கூடாது. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் மாமா, சித்தப்பா இருப்பாங்க, அவங்களுக்கும் சொல்லி வையுங்க.

கல்லூரி வழி நல்ல வழி. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டம் ஜெயிச்சவர். மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் போய், 2025-ல் சுவிட்சர்லாந்துக்கு எதிரா டேவிஸ் கோப்பையில் ஆடி ஜெயிச்சார். நாலு வருஷம் கோச், பிசியோ, ஸ்ட்ரிங், பயணம் எல்லாம் கல்லூரிச் செலவு, கையில் பட்டம். ஆனா டென்னிஸில் பள்ளி முடிச்சதும் சேரக் கொடுக்கிற அவகாசம் குறைவு. அதுக்கப்புறம் வெளியே ஆடுற காலம் கல்லூரியில் ஆடும் வருஷங்களில் கழியும். உங்களுக்கு ஏற்கனவே ஒரு வருஷம் ஓடிடுச்சு. விதிகளும் மாறிக்கிட்டே இருக்கு. ஏஜென்ட் வாய்ப்பேச்சை நம்பாம, சேர நினைக்கிற கல்லூரியின் விதி அலுவலகத்துக்கே பள்ளி முடிச்ச தேதி, அதுக்கப்புறம் ஆடின போட்டிப் பட்டியல், வாங்கின பரிசுப் பணம் மூணையும் எழுதி, எத்தனை பருவம் மிச்சம்னு எழுத்தில் பதில் வாங்குங்க. இதை இந்த மாசமே பண்ணுங்க, அடுத்த ஐடிஎஃப் பதிவுக்கு முன்னாடி.

இங்கேயே இருக்கிறதுன்னா பி.காம்-ஐ விடாம முடிக்கட்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களும் எடுக்கறாங்க. சான்றிதழ்கள் எல்லாம் அசலா, ஒரே கோப்பில் இருக்கணும்.

---

பெரம்பூர்_அக்கா

சரிங்க சார், கல்லூரிக்கு இந்த வாரமே எழுதறோம். கடைசியா ஒண்ணு: ஐடிஎஃப் பதிவை எப்போ போடணும், எப்போ எடுக்கணும்னு அவனுக்கே குழப்பமா இருக்கு. போன தடவை ஒரு போட்டியில் பேரே வரலை.

---

பேஸ்லைன்_நுங்கம்பாக்கம்

போட்டி தொடங்குற திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னாடி வர்ற வியாழன் பதிவுக்குக் கடைசி. 13 நாள் முன்னாடி வர்ற செவ்வாய் விலகக் கடைசி. ரெண்டுமே கிரீன்விச் நேரம் 14:00. நம்ம ஊருக்கு ராத்திரி 7:30. வியாழன் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்குன்னு நினைச்சு விடறவங்கதான் அதிகம், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். வியாழன் மத்தியானமே போட்டு, பதிவான பக்கத்தைப் படம் எடுத்து வைக்கட்டும்.

ஒரே வாரத்துக்கு ஆறு போட்டி வரைக்கும் முன்னுரிமை வரிசையில் பேர் கொடுக்கலாம். முதல் இடத்தில் ஆசைப்படுற போட்டியை வைக்காம, மெயின் டிராவுக்குப் பக்கத்தில் வரக்கூடிய போட்டியை வையுங்க. வெள்ளிக்கிழமை பட்டியல் வந்ததும் அவனுக்கு மேலே எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணுங்க. அதில் பல பேர் வேற ஊர்லயும் பேர் கொடுத்திருப்பாங்க, செவ்வாய்க்குள்ள கழிஞ்சிடுவாங்க. மாத்திக்க முடிஞ்ச ரயில் டிக்கெட்டை மட்டும் அதுவரை போட்டு வையுங்க. செவ்வாய் 7:30 தாண்டி விலகினா தண்டனைக் கணக்கில் ஏறும், அதனால விமான டிக்கெட்டை புதன்கிழமை காலையில் எடுங்க.